லாபம், ரெண்டு, மூணு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால்: என் பெயர் வசுமதி, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. தயவுசெய்து மேலே படிக்க வேண்டாம். என் அப்பாவிடம் கொடுக்கவும் வேண்டாம்.

இன்று எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது லைன் வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வெளியே வந்து நின்றார்கள். அம்மா கல்லுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். ஷாக் அடிக்கும் என்று அப்பா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார். சாமி காரியத்துக்குச் செருப்பா என்று அம்மா கழற்றச் சொன்னாள். கடைசியில் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்று சுவிட்சைப் போட்டார். கல் சுற்றியது. அம்மா கைதட்டினாள். அம்மா கைதட்டி நான் பார்த்ததே இல்லை.

இனி அம்மா மாவு அரைத்து விற்கப்போகிறாள். ஒரு பெரிய கரண்டி மூன்று ரூபாய். கிரைண்டர் தவணை மாதம் நானூறு, வட்டி கிடையாது. அதை மாவுக் காசிலிருந்தே கட்ட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அவர் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் என் பஸ் பாஸுக்குமே இழுபறியாக இருக்கிறது. ஆகஸ்ட் முழுக்க வெள்ளோட்டம். மாதக் கடைசியில் நானூறு சேரவில்லை என்றால் கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைக் காலி செய்து, கோபியில் பெரியப்பா வீட்டு மாடிக்குப் போய்விடுவது. எனக்கு டி.சி. வாங்கிவிடுவார்கள்.

அப்பா முன்பு மில்லில் டைம் ஆபீஸில் இருந்தார். மில் மூடியதிலிருந்து பம்பு கம்பெனிக் குடோனில் சாமான் எண்ணிக் கொடுக்கிறார். மில் மூடியபோது மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அந்த ஆட்கள் டி.வி.எஸ். வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு சத்தம் போடுவார்கள். கட்டி முடித்த அன்று இனி வட்டிக்கு ஒரு ரூபாய் கூட வாங்குவதில்லை என்று அப்பா மருதமலைக்கு நடந்துபோய் சத்தியம் செய்துவிட்டு வந்தார். எனக்கு இன்னும் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போடத் தோன்றுகிறது. யாரிடமும் சொன்னதில்லை.

நான்தான் கணக்குப்பிள்ளை. சம்பளம் மாதம் ஐந்து ரூபாய்.

கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டி உயரமாக இருக்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்து எழுதினால் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் நாள். அம்மா வாசலில் மாவுக் குண்டாவோடு உட்கார்ந்தாள். நான் உள்ளே, துணித் திரைக்கு இந்தப் பக்கம், வீட்டுப்பாடமும் கணக்கு நோட்டுமாக. அம்மா கை முழுக்க மாவு என்பதால் காசைத் தொடமாட்டாள். வாங்குகிறவர்களே ரஸ்க் டப்பாவில் போட்டுவிட்டு, மீதியையும் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். இது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"பார்க்கறதுக்கு ஆள் இல்லாட்டி அவனவன் கையை உட்டுடுவான், ராஜாமணி. மில்லுலயே பார்த்தவன் நானு" என்றார் அம்மாவிடம்.

அதனால்தான் கணக்கு. அம்மா அளக்கும்போது வாய்விட்டு எண்ணுவாள், கடைசியாக என்ன எண் காதில் விழுகிறதோ அதை எழுது என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். எழுதியதும் டப்பாவும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள்.

அம்மா எண்ணுவது பாட்டுப் போல இருக்கிறது. "லாபம், ரெண்டு, மூணு" என்றால் நான் மூன்று என்று எழுதுவேன். எடுத்ததும் லாபம் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள். நாம் பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அது மாதிரி.

எதிர் வரிசையில் தனியாக இருக்கும் நர்ஸ் ஸ்டெல்லாக்கா வந்தபோது மட்டும் அம்மா "லாபம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். எண்ணே சொல்லவில்லை. அக்கா போய்விட்டார். ராத்திரி ட்யூட்டிக்குப் போகிறவர், பாவம் என்று சும்மா ஊற்றிவிட்டாள் போல. நான் ஒன்றும் எழுதவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். லைனே சப்பென்று தோசை சாப்பிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவின் தர்மம் எல்லை மீறுகிறது. இன்று மட்டும் ஐந்து பேருக்கு வெறும் "லாபம்". தபால்காரர் அங்கமுத்து மாமா, ஸ்டெல்லாக்கா, இன்னும் யார் யாரோ. எல்லோரும் ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அம்மாவுக்கு இளகிய மனசு என்று பெருமையாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாகவும் இருக்கிறது.

விற்காத மாவு எங்களுக்கு. காலை இட்லி, டிபன் பாக்ஸில் இட்லி, ராத்திரி இட்லி உப்புமா. வகுப்பில் எனக்கு "ஆவி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி



நாளை அப்பா டப்பாவை எண்ணுவார். அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, அம்மா குளிக்கும்போது எண்ணினேன். என் கணக்கைவிட எழுபத்தெட்டு ரூபாய் அதிகம். மூன்று தடவை எண்ணினேன். அதிகம்தான்.

குறைந்திருந்தால் அப்பா சொன்ன மாதிரி யாரோ ஏமாற்றினார்கள் என்று சொல்லலாம். கூடியிருந்தால் யாரைச் சொல்வது? சும்மா கொடுத்தும் காசு கூடுகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? நான் கணக்கில் தப்பு செய்துவிட்டேனா? முதல் வாரமே கணக்குப்பிள்ளையை மாற்றிவிடுவார்களா?

எழுபத்தெட்டையும் எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு, மேலே காம்பஸை வைத்து மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "ஒத்தப் பைசா உதைக்கலையே. என்ற புள்ளையாச்சே" என்று என் தலையில் கை வைத்தார். அந்தக் கை எவ்வளவு கனம் என்று இன்றுதான் தெரிந்தது.

அம்மா மட்டும் காசைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் வந்திருக்கோணுமே" என்றாள். ஒத்துப்போய்விட்டது, அப்புறம் என்ன என்று அப்பா கேட்டார். அம்மா அரிசி ஊறவைக்கப் போனாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டில் புதிய சிக்கனங்கள், அப்பா அறிவித்தபடி:

சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்தாகிவிட்டது. பால் கால் லிட்டர் குறைப்பு. அப்பா ஷேவிங் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அம்மா அதைக் கேட்டு, "அப்ப ஒரு நாள் உட்டு ஒரு நாள் பாக்க லட்சணமா இருப்பீங்க" என்றாள். அப்பா சிரிக்கக்கூடாது என்று மீசையைக் கடித்துக்கொண்டார்.

இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. கோபிக்குப் போகவே கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் சந்தோஷமாகத்தான் வந்தேன்.

சாயங்காலம் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் வந்து நின்றது. திரை ஓரமாகப் பார்த்தேன். பைனான்ஸ் சேவியர். தோளில் ரெக்சின் பை. லைனில் பல வீடுகளுக்கு வட்டிக்குக் கொடுத்து வாரா வாரம் வசூலிக்கும் தண்டல்காரர். போன வருஷம் வந்தவர் வேறு ஆள், ஆனால் வண்டி அதே வண்டி.

அம்மா பயப்படவே இல்லை. "வாங்க, வாங்க" என்றாள். அப்புறம் "லாபம்" என்றாள். அவர் என்னவோ சொல்ல அம்மா சிரித்தாள். போகும்போது, "அடுத்த வெள்ளிக்கு மறக்காம வந்துருங்க" என்றாள்.

தண்டல்காரரை மறக்காமல் வரச் சொல்வது யார்? அவருக்கு எதற்குச் சும்மா மாவு?

தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஜாமெட்ரி பாக்ஸில் இந்த வாரம் தொண்ணூற்றாறு சேர்ந்தது. காம்பஸை வெளியே எடுத்துப் பென்சில் பவுச்சில் போட வேண்டியதாகிவிட்டது. இடமில்லை.

எனக்கு இப்போது புரிந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதவும் பயமாக இருக்கிறது. அம்மா சேவியரிடம் வட்டிக்கு வாங்கி, தொழில் நன்றாக ஓடுகிற மாதிரி டப்பாவில் போட்டுவைக்கிறாள். நாங்கள் கோபிக்குப் போகக்கூடாது என்பதற்காக. எனக்காக.

அப்பாவின் சத்தியம் உடைந்துவிட்டது. அது அப்பாவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கணக்கு டீச்சர் வகுபடும் தன்மை நடத்தினார். இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். வீட்டுக்கு வந்து எழுபத்தெட்டையும் தொண்ணூற்றாறையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் மீதியில்லாமல் வகுபடுகின்றன. இன்றைய அதிகம் பதினைந்து. அதுவும் வகுபடுகிறது. கடன் வாங்குகிறவர்கள் நூறு, இருநூறு என்றுதானே வாங்குவார்கள்? அம்மா ஏன் மூன்றின் மடங்கில் வாங்குகிறாள் என்று மட்டும் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்கவா முடியும்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பார்த்துவிட்டேன். திரையின் கிழிசல் வழியாக. சேவியர் தன் கையாலேயே எங்கள் ரஸ்க் டப்பாவில் காசு போட்டார். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். மூன்று ஒற்றை ரூபாய்.

மூன்று ரூபாயா கடன் கொடுப்பார்கள்? தவணையாகக் கொடுக்கிறாரோ என்னவோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பாவின் கணக்கு இன்றும் ஒத்துப்போனது. ஆனால் சந்தோஷம் இல்லை. அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் போக இதுவரை சேர்ந்தது நூறு கூட இல்லை. உங்கள் பள்ளியில் டி.சி. கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள் என்று அப்பா என்னைக் கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்காகவே இன்னும் கஷ்டமாக இருந்தது.

அம்மா சாயங்காலம் முழுக்க லாபம், ரெண்டு என்று எண்ணினாள், ஆனால் பாட்டு இல்லை.

ஜாமெட்ரி பாக்ஸில் இருப்பதை டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டால்? அப்பா கேட்பார். கேட்டால் அம்மா மாட்டிக்கொள்வாள். கொட்டாவிட்டால் கிரைண்டர் போகும், நான் போவேன். இரண்டில் எது என்று நானே முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பதினாலு வயசுதான் ஆகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பக்கத்து வீட்டு கிரிஜாக்கா, உங்கள் மாவு வந்ததிலிருந்து என் மாமியார் சண்டை போட நேரமே இல்லை, தோசை தோசையாகத் தின்கிறார் என்று அம்மாவிடம் சொன்னார். பல நாள் கழித்து அம்மா சிரித்தாள். பிறகு கல்லைக் கழுவும்போது அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதப்போகிறேன். பெட்டிக்குப் பின்னால் அல்ல. கூடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு.

மத்தியானம் சாப்பாடானதும் அப்பா தரையில் நோட்டை விரித்துக் கடைசிக் கணக்குப் போட்டார். எல்லாச் செலவும் போக நூற்றுப் பதினைந்து ரூபாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரைண்டர்மேல் கை வைத்து, நாளைக்கே கடைக்காரரிடம் சொல்லிவிடலாம், நல்ல மனுஷன், எடுத்துக்கொள்வார் என்றார். அதட்டவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை.

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்குக் கணக்குத் தெரியாதுங்க. ஆனா இத்தனை கரண்டி ஊத்துன கைக்கு இவ்வளவுதானா காசு? கை பொய் சொல்லாதுங்க."

நான் எழுந்து போய்ப் புத்தகப் பையைத் திறந்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் மூடவில்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அதையும், அது போதாமல் பென்சில் பவுச்சையும் கொண்டுவந்து அப்பா முன்னால் கொட்டினேன். சில்லறை உருண்டு கிரைண்டருக்கு அடியில் எல்லாம் போனது.

முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் என்றேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைத் திட்டாதீர்கள், எனக்காகத்தான் சேவியரிடம் வாங்கினாள், அவருக்குச் சும்மா மாவுகூட ஊற்றினாள் என்றேன்.



அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகம் முதலில் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது.

"நானு? தண்டக்காரன்கிட்ட? உங்கப்பா மலைக்கு நடந்த பாதத்துக்கு மூணு நாள் மஞ்சப்பத்துப் போட்டவ நானு. நான் வாங்குவனா கண்ணு?"

பிறகு மெதுவாகக் கேட்டாள், சும்மா ஊற்றினேன் என்று யார் சொன்னது என்று. சேவியர் கட்டை பிரம்மச்சாரியாம். ஒரு கரண்டி வாங்கிப் போய் இரண்டு நாளைக்கு வைத்துத் தோசை ஊற்றிக்கொள்வாராம். ஸ்டெல்லாக்காவும் அங்கமுத்து மாமாவும் அப்படித்தான், ஒரே ஒரு கரண்டி.

"ஒரு கரண்டின்னா நீ ஒண்ணுன்னு சொல்லோணுமல்லம்மா? நீ ஒரு நாளும் ஒண்ணுன்னு சொன்னதே இல்ல."

"சொன்னனே. ஒவ்வொருத்தருக்கும் சொன்னனே. லாபம்னு."

அப்பா ஒரு மாதிரி சத்தம் போட்டார். நெஞ்சு வலியோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. கணக்கு நோட்டின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

அம்மாவின் ஊரில் நெல் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்களாம். லாபம் என்று சொல்லி அளந்தால்தான் அளப்பது பெருகும். லாபம், இரண்டு, மூன்று. அம்மா சின்ன வயதிலிருந்து களத்தில் கேட்டு வளர்ந்தது. மில் குவார்ட்டர்ஸில் பிறந்த எனக்கு ரேஷன் கடைத் தராசு மட்டும்தான் தெரியும்.

"மூணால வகுபடுதுன்னு கண்டுபுடிச்சிருக்கா ராஜாமணி, உன்ற புள்ள. கரண்டி மூணு ரூவாங்கறத மட்டும் கண்டுபுடிக்கல."

கடைசி எண்ணை மட்டும் எழுது என்று சொன்னது யார் என்று அம்மா அவரைக் கேட்டாள். அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அது என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

மூன்று பேரும் தரையில் தவழ்ந்து சில்லறையைப் பொறுக்கினோம். அப்பா முந்நூற்றுத் தொண்ணூற்றை மூன்றால் வகுத்தார். நூற்று முப்பது கரண்டி. அப்புறம் அம்மாவை உட்காரவைத்து, ஒற்றைக் கரண்டி வாங்குகிறவர்கள் யார், எந்தெந்தக் கிழமை வருவார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு விரல் விட்டு எண்ணினார். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கணக்குத் தெரியாது என்று சொன்னவள் அவள்தான். கூட்டினால் நூற்று முப்பது.

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கறதுக்கும் ஆள் இல்ல. எழுதறதுக்கும் ஆள் இல்ல. ஒருத்தன் ஒரு ரூவா குறைக்கலையே, ராஜாமணி."

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். இனிமேல் பயமாக இருந்தால் பாக்ஸில் போடாதே, என் காதில் போடு என்றாள். அது மட்டும்தான் திட்டு.

நானூறு தனியாக எடுத்துவைத்தோம். மீதி நூற்றைந்து. அதில் ஓட்டலுக்குப் போகலாம் என்று அப்பா தானாகவே சொன்னார், இன்று சட்டமெல்லாம் கிடையாது என்று. சர்வர் வந்து இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று ஆரம்பித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை காட்டி நிறுத்தினோம். பூரி சாப்பிட்டோம். அம்மா இரண்டு செட். திரும்பி நடந்து வரும்போது அப்பா அவரையறியாமல் எதிரே வந்த பஸ்களை எண்ணிக்கொண்டு வந்தார். லாபம், ரெண்டு, மூணு.

செப்டம்பர் லாபம், திங்கள்

காலையில் அப்பா தவணை கட்டிவிட்டு ரசீதைச் சாமி படத்தின் பின்னால் செருகினார்.

சாயங்காலம் திரையைக் கழற்றிவிட்டோம். நான் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். டி.வி.எஸ். சத்தம் கேட்டது. பழக்கத்தில் கதவைத் தாழ் போட எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். சேவியர் அண்ணன் தூக்குப் போசியை நீட்டினார். இன்றைக்குத் திங்கள்கிழமையாச்சே என்று அம்மா கேட்டதற்கு, வீட்டுக்கு அக்கா வந்திருக்கிறார், இரண்டு கரண்டி வேண்டும் என்றார். நான் உன் தாத்தா சொத்தையா கேட்டேன், ஏன் பாப்பா இப்படி முறைக்கிறாய் என்று என்னைக் கேட்டார். நான் முறைக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை நீட்டச் சொன்னார். சம்பளம். ஒற்றை ரூபாய்களாக, ஒவ்வொன்றாக வைத்தார்.

"லாபம்," என்றார்.

மூடிவிடாதே, இன்னும் இருக்கிறது என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.